கடலில் வலம் வந்தவர்

நன்றி என்ற சொல் காதில் விழுந்தால் அவர் செருப்பைத் தேடுவார். எங்கள் எதிர்வீட்டில் சில ஆண்டுகள் குடியிருந்த பெண்மணி அவர். அத்தனை காலத்தில் ஒருமுறையேனும் என் மனைவி அவருக்கு முழுமையாக நன்றி சொல்லி முடித்ததில்லை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலை அவித்த நாளில் ஒரு கிண்ணம் எங்கள் வாசற்படியில் இருக்கும். கதவு தட்டும் ஓசை கேட்டு நாங்கள் எழுந்து வருவதற்குள் அவர் தம் வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டிருப்பார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "வாசல்லயே வச்சிட்டுப் போங்கம்மா, அடுப்புல வேலையா இருக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வரும். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

என் மனைவிக்குக் கண்புரை அறுவை நடந்தபோது மருந்து விட்டுப் பக்கத்திலேயே இருந்தவர் அவர்தாம். கட்டுப் பிரித்த நாளில் வரவில்லை. வேலைமாற்றம் கிடைத்து வீட்டைக் காலி செய்தபோதும் அப்படியே. நாங்கள் எழுவதற்கு முன்னே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வாசலில் ஒரு பை கேப்பை மாவு மட்டும் இருந்தது.

விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் அவருக்கு வேலை. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர், தனியாக வாழ்ந்தவர், காரணத்தை அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கிப் போகும் வண்டிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். வண்டி வரும், தடுப்பு உயரும், வண்டி போய்விடும்.

"எனக்குன்னே செஞ்சி வச்ச வேலைங்க ஐயா. ஒருத்தரும் நின்னு பேச மாட்டாங்க" என்பார்.

ஒருநாள் விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வரும்போது நிறைமாதப் பெண்ணொருத்திக்கு மயக்கம் வந்திருக்கிறது. இவர் தம் இருக்கையைக் கொடுத்து, தண்ணீர் தெளித்து, முந்தானையால் விசிறி, அவளைத் தெளியவைத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் மாமியார் கையெடுத்துக் கும்பிடத் தொடங்கியதும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அங்கிருந்து ஊர்வரை வெயிலில் நடை. வேர்க்க விறுவிறுக்க வந்தவரிடம் நான் கேட்டேன்:

"அந்த அம்மாள் வாழ்த்தினால் உனக்கென்ன குறைந்துவிடும்?"

"கொறையாதுங்க. ஆனா அப்பறம் அவங்க என்னை எங்க பாத்தாலும் கும்பிடணும்னு நெனைப்பாங்க. பாவம், அவங்களுக்கு எதுக்குங்க அந்த வேலை."

நான் இறைவன்முன் பதிகம் ஓதியே முதுமை எய்தியவன். அடியார்கள் பாடி வைத்தவற்றுள் பெரும்பகுதி நன்றிதான். பெற்றதை எண்ணி உருகுவதும், கைம்மாறு ஏதுமில்லையே என்று நாணுவதும் அவற்றின் உயிர்நிலை. இதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமிக்குச் சொல்லுங்க ஐயா. சாமி எழுந்து ஓடாது, கல்லா இருக்குது. மனுசருக்குச் சொன்னா பேஜாருங்க" என்றார். அந்த அச்சத்தின் வேர் எங்கே இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

மாதம் ஒருமுறை அவருடைய தம்பி வருவான். நாற்பதை நெருங்கிய மனிதன். என் வயதுக்கு அவன் என்றே எழுத வருகிறது. மேல்மலையனூர்ப் பக்கம் ஊர். பகலில் சரக்கு ஆட்டோ ஓட்டுவான். அமாவாசை இரவுகளில் அங்காளம்மன் கோயிலில் பம்பை அடித்தவன். இடுப்பில் கட்டிய இரட்டை முழவை இரு குச்சிகளால் முழக்கினால் கூட்டம் தன்னை மறந்து ஆடுமாம். அப்படிப்பட்டவன் அக்காள் வீட்டில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பான். மடியில் ஒரு பழப்பை. கண்கள் தரையில்.

"காப்பி குடிக்கிறியா?"

"சரிங்கக்கா."

"இல்ல, மோரு கலக்கட்டுமா?"

"சரிங்கக்கா."

"ஒண்ணும் வேணாம், போய்க்கினு இரு."

"சரிங்கக்கா."

அவன் போன பிறகு இவர் அந்தப் பழப்பையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஒருமுறை மட்டும் போகாமல் நின்றார். என் மனைவி காரணம் கேட்க, அங்கேயே உட்கார்ந்து சொன்னார். தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து போயிருந்தன. அக்காள் தம்முடையதில் ஒன்றைக் கொடுத்தார்.

"ஒரு கிட்னி. எடுத்துக் குடுத்தேன், வேலை முடிஞ்சிச்சி. அவன் அதையே தலையில தூக்கிக்கினு திரியறாம்மா. சின்ன வயசுல இருந்து நாங்க அடிச்சிக்காத நாளு கிடையாது. ஒரு நாளு சண்டை இல்லன்னா எங்கம்மா நெத்தியில கை வச்சிப் பாக்கும், ஜொரம் அடிக்குதான்னு. இப்ப என்னைச் சாமி மாதிரி பாக்கறான். நான் ஒரு பக்கெட்டு தண்ணி தூக்கினா ஓடி வந்து வாங்கறான். பம்பையைத் தொட்டே நாளாச்சி. அக்கா ஒடம்பைப் பாதியாக்கிட்டு நான் என்னா ஆட்டம் போடறதுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்றானாம். தம்பியைக் காப்பாத்தலாம்னு போனேன். இப்ப தம்பியே இல்லாம நிக்கறேன்."

அன்றுதான் அவர் எங்கள் வீட்டில் நெடுநேரம் இருந்தார்.

சுங்கச்சாவடியில் அடிக்கடி கண்ணில் படும் மிதிவண்டிக்காரர் ஒருவர், ஒருநாள் தண்ணீர் வாங்கிக் குடித்தபடி ஒரு போட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். டிரையத்லான் என்று பெயர். கடலில் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு மிதிவண்டி ஓட்டி, அதிலிருந்து இறங்கி ஓட வேண்டும். இடையில் ஓய்வு கிடையாது. மரக்காணத்துக்குத் தெற்கே கடற்கரையில் நடக்கவிருந்த அந்தப் போட்டியின் சிறிய பிரிவில் சேர இவர் முடிவு செய்துவிட்டார். அறுவை செய்த மருத்துவமனைக்குப் போய்ச் சோதனைகள் செய்துகொண்டு, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வலி மாத்திரை கூடாது என்ற அறிவுரையோடு அனுமதியும் வாங்கி வந்தார்.

"பரிசு கிரிசு எதுக்குங்க. மூணையும் முடிச்சிட்டு அவன் எதிர்ல போய் நிக்கணும். பாருடா, நான் முழு ஆளுன்னு காட்டணும். அதுக்கப்புறம் அவன் குனிஞ்சிக்கினு உக்கார முடியாதில்ல."

விழுப்புரத்தில் பழைய மிதிவண்டி ஒன்று வாங்கினார். வைகறையில் நெடுஞ்சாலையின் பக்கச் சாலையில் அவர் ஓட்டிப் பழகுவதை ஊர் வேடிக்கை பார்த்தது. ஒரு காதில் மட்டும் கைப்பேசியின் கேட்புக்கருவியைச் செருகியிருப்பார்; மறுகாது லாரிகளுக்கு. அதிலிருந்து கசியும் ஓசை, தகரக் கூரையில் பெருமழை விழுவது போலிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"தம்பி பம்பைங்க. உடம்புக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு அமாவாசையில அடிச்சது. யாரோ போன்ல புடிச்சி வச்சிருந்தாங்க. மத்த பாட்டுக்கெல்லாம் கால் நகர மாட்டேங்குது. இவன் அடிச்சா மட்டும் ஜல்தியா சுத்துது."

பண்ணமைந்த பாடல்களில் தோய்ந்த என் செவிக்கு அந்த முழக்கம் பெரும் ஆரவாரமாகப் பட்டது. நல்ல குரலில் பதிவான பதிகங்களைக் கொடுத்து, இவற்றைக் கேட்டு ஓட்டும்படி சொன்னேன். மறுநாள் வந்தார்.

"ரொம்ப நல்லா இருந்திச்சிங்க. ஓமந்தூர் வரைக்கும் போலாம்னு கெளம்பினேன். பாதி வழியில புளியமரத்தடியில உக்காந்துட்டேன். எழுந்திரிக்கவே மனசு வரல."

பதிகத்தின் பெருமை அது என்று நான் மகிழ்ந்தேன். "தூங்கிட்டேன்னு சொல்ல மரியாதை தடுக்குது, அதைப் புரிஞ்சிக்குங்க" என்றாள் என் மனைவி.

ஆனால் நீச்சலுக்குப் பம்பை உதவவில்லை. தண்ணீருக்குள் கேட்புக்கருவி ஏது? எங்கள் வயலில் படிக்கட்டு இறங்கும் வட்டக் கிணறு ஒன்று உண்டு. அதன் மேட்டில் கன்னியம்மன் கல். நாள்தோறும் காலையில் மோட்டார் கொட்டகை அருகே தொட்டி விளிம்பில் அமர்ந்து ஒரு பதிகம் ஓதுவது என் வழக்கம். அந்தக் கிணற்றில் நீந்திக்கொள்ளலாம் என்றேன். அவர் நன்றி சொல்லவில்லை. மறுவாரம் போய்ப் பார்த்தால் வாய்க்காலில் மண்டியிருந்த புல் முழுவதும் செதுக்கப்பட்டிருந்தது.

முதல்நாள் படியில் நின்று நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எந்தப் பக்கமா சுத்தறதுங்க?" என்று கேட்டவர், நான் வாய் திறப்பதற்குள் தாமே சொன்னார்: "மேல சாமி இருக்குது. வலமாத்தான் சுத்தணும்."

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. இத்தகைய ஒழுக்கம் உடையவருக்கு இறைவன் துணைநிற்பான் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு பாட்டுக்கு ஒரு சுற்று என்று அவர் வைத்துக்கொண்டார். பதிகம் முடிந்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்து. திருமுன் நின்று ஓதும்போதுகூட என்னை யாரும் விரைவுபடுத்தியதில்லை. கிணற்றுக்குள்ளிருந்து அதட்டல் வந்தது.

"ஐயா, மூணாவது பாட்டுல இழுக்காதீங்க. எனக்கு மூச்சு போவுது."

"அந்த இடத்தில் இழுத்துத்தான் பாட வேண்டும் அம்மா. மரபு."

"மரபைக் கரைக்கு வந்தப்புறம் வச்சிக்கலாங்க."

நாளடைவில் என் ஓதுதலும் அவர் கைவீச்சும் ஒன்றுக்கொன்று இசைந்துவிட்டன. எங்கே மூச்செடுப்பார் என்று எனக்குத் தெரியும்; எங்கே சொல் முடியும் என்று அவருக்குத் தெரியும். கேட்டுக் கேட்டே பதிகம் முழுவதும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. போட்டிக்கு முன் ஒருமுறையாவது கடலில் இறங்கிப் பார்த்துவிடச் சொன்னாள் என் மனைவி.

"கடலும் தண்ணிதானம்மா. கெணறு மாதிரி முட்டுற செவுரும் இல்ல" என்றார் அவர்.

தம்பியை வரவழைத்தவள் என் மனைவி. தொலைபேசியில் அவன் "சரிங்கம்மா" என்றானாம். நண்பன் ஒருவனின் காரை ஓட்டிக்கொண்டு வந்து, மிதிவண்டியை அதன்மேல் கட்டி, எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டான். திண்டிவனம் தாண்டிக் கடற்கரை வரும்வரை பின்னிருக்கையிலிருந்த அக்காளைக் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

கடற்கரையில் கொடிகளும் ஒலிபெருக்கியும் இளைஞர் கூட்டமுமாக இருந்தது. அலைகளுக்கு அப்பால் மஞ்சள் மிதவைகள் ஆடின. முதல் மிதவை வரை நேரே போய், அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி, இரண்டாவதைக் கடந்து கரைக்கு மீள வேண்டும். குறித்த நேரத்துக்குள் கரையேறாதவர் மிதிவண்டியைத் தொட முடியாது. போட்டியை நடத்திய பெண்ணொருத்தி இவர் காதைச் சுட்டிக்காட்டி, எந்தப் பகுதியிலும் கேட்புக்கருவி அணியக் கூடாது என்றாள்.

"அப்ப எதைக் கேட்டுக்கினு ஓட்டறதுங்க?"

"கடலைக் கேளுங்க மேடம், சும்மா வருது."

கழற்றி என் மனைவியின் கையில் கொடுத்தார். என்னருகே வந்து, "மனசுக்குள்ளயே நீங்க ஓதற மாதிரி ஓதிக்கிறேங்க" என்றார். தம்பியைக் கடந்து நீர்விளிம்புக்குப் போனார். அவன் கைகளைக் கூப்பியபடி மணலில் நின்றான்.

ஊதல் ஒலித்ததும் அனைவரும் கடலில் பாய்ந்தார்கள். செம்மஞ்சள் தொப்பிகள் ஒரு கூட்டமாக முதல் மிதவையை நோக்கி விரைந்தன. ஒரு தொப்பி மட்டும் மெல்ல வலப்பக்கம் விலகியது. அலை தள்ளுகிறது போலும் என்று முதலில் நினைத்தேன். படகிலிருந்தவர் கைகாட்ட, அது நேரே திரும்பியது. சற்று நேரத்தில் மறுபடியும் வலப்பக்கம் சாய்ந்தது. அதன் கைவீச்சைப் பார்த்து என் உதடுகள் தாமாகவே ஓதத் தொடங்கியிருந்தன. ஒரு பாட்டு முடியும் அளவுக்குள் அந்த உடல் ஒரு வட்டத்தை வரையத் தொடங்குவதைக் கண்டேன். அப்போதுதான் விளங்கியது. எத்தனையோ மாதங்களாக எங்கள் கிணற்றை வலமாகவே சுற்றியவருக்கு நேர்கோடு என்று ஒன்று பழக்கத்திலேயே இல்லை. பாட்டுக்கு ஒரு சுற்றாக அவர் கடலை வலம் வந்துகொண்டிருந்தார்.

கரையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். "யாருப்பா அது, பாண்டிச்சேரிக்குப் போறாங்களா?" என்றான் ஒருவன்.

தம்பியின் கூப்பிய கைகள் பிரிந்தன. அவன் தண்ணீர் ஓரமாகத் தெற்கு நோக்கி ஓடினான். பம்பை முழக்கத்துக்கு மேலே பாடிப் பழகிய தொண்டை அவனுடையது. "அக்கா, இந்தப் பக்கம். கைய மாத்திப் போடு. இந்தப் பக்கம்" என்று அவன் எழுப்பிய குரலில் அலையோசை ஒருகணம் அடங்கியது போலிருந்தது. அவருக்கு அது கேட்டிருக்க வழியில்லை. காப்புப் படகு அருகே சென்று, பிடித்துக்கொள்ளும்படி கேட்டபோது அவர் தலையசைத்து மறுத்தது மட்டும் தெரிந்தது. இரண்டு மிதவைகளையும் வளைந்து வளைந்து கடந்து, எல்லாருக்கும் பின்னால், தாமே நீந்திக் கரையேறினார்.

நேரம் முடிந்திருந்தது. காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் விதி விதிதான் என்பதை அந்தப் பெண் தன்மையாகவே சொன்னாள். இவர் கெஞ்சவில்லை. வரிசையில் தனித்து நின்ற தம் மிதிவண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஈரத்தோடு மணலில் உட்கார்ந்தார். என் மனைவி துண்டைப் போர்த்தினாள்.

"தோத்ததுகூடப் பரவால்லீங்க ஐயா" என்றார் மூச்சிரைக்க. "அவன் பாக்க இப்படி ஆயிடுச்சே. என்னால முடியலன்னு நெனைச்சிக்குவான். இனிமே நிமிரவே மாட்டான்."

தம்பி வருவது தெரிந்ததும் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். அவன் முழங்கால் வரை நனைந்து, ஒற்றைச் செருப்போடு வந்து எதிரே நின்றான்.

"உனக்கு அறிவு இருக்குதா?"

அவர் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உன்னைத்தான் கேக்கறேன். கண்ணு தெரியுதில்ல? அவ்வளவு பெரிய மஞ்ச பலூனு மெதக்குது, அது தெரியல? ஊரே நேராப் போவுது, நீ மட்டும் கெணத்து ஆமை மாதிரி சுத்திக்கினு இருக்க. பாண்டிக்குப் போவணும்னா பஸ்ஸு இல்லியா, நீந்திக்கினுதான் போவியா?"

துண்டுக்குள்ளிருந்து மெல்ல ஒரு கண் வெளியே வந்தது.

"கடல்ல ஒரு தபா எறங்கிப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. யாரு சொன்னாலும் கேக்க மாட்ட. ஒரு செருப்பைக் கடல் எடுத்துக்கிச்சி. புதுச் செருப்பு. உன்னால போச்சி."

"உன்னை யாருடா தெற்க ஓடச் சொன்னது?" என்றார் அவர்.

"நீ தெற்க போனா நான் வடக்கயா ஓடுவேன்?"

என் மனைவி சமாதானம் சொல்லப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறைவனைப் போற்றிப் பாடிய அடியார்களே அவனை ஏசியும் பாடியிருக்கிறார்கள். பித்தன் என்றும், இரந்துண்பவன் என்றும், கண்ணில்லையா என்றும் வைத வாய்கள்தாம் அவனிடம் மிக நெருங்கி நின்றவை. அஞ்சி நிற்பவன் அப்படி ஏசமாட்டான். உரிமை உடையவனுக்குத்தான் வசை வாயில் வரும். நூல்களில் இதைப் பலமுறை படித்திருந்தேன். எதிரில் நடந்து பார்த்தது அன்றுதான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் ஓயவில்லை. திண்டிவனம் புறவழிச்சாலையில் லாரிகளை முந்தும்போதுகூடக் கண்ணாடியில் அக்காளைப் பார்த்தபடியே வைதான். இவர் இடையிடையே சரிக்குச் சரியாகத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு மறுபடியும் போட்டிக்கு வருவேன் என்றார். வந்தால் காலை உடைப்பேன் என்றான். எங்கள் ஊர் விலக்கில் கார் திரும்பவில்லை, இருவருமே கவனிக்கவில்லை. விக்கிரவாண்டி வந்த பிறகுதான் நினைவு வந்து, வந்தது வந்தோம் என்று சாலையோர உணவுக்கடை ஒன்றில் நிறுத்தினான்.

நால்வருக்கும் பொங்கலும் வடையும் வந்தன. அவன் தன் வடையை முடித்துவிட்டு, பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, அக்காள் இலையிலிருந்த வடையை எடுத்துக் கடித்தான். கேட்கவில்லை, நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி தன்னுடையதை அவர் இலையில் வைக்கப் போனாள். அவர் அதைக் கையால் தடுத்தார். காலியான அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பே இல்ல" என்றான் அவன், வாயில் பாதி வடையோடு.

"உனக்கு அதுவே அதிகம்டா" என்றார் அவர்.